சென்சாரிங்

எச்.ஐ.வி. நோயாளிகள் எத்தனை காலம் வாழ்கிறார்கள் என்று கணிக்கும் புள்ளியியலில் அடிக்கடி வரும் சொல் இது. லத்தீனில் ‘சென்செரே’ என்றால் மதிப்பிடுதல். பழைய ரோமில் குடிமக்களைக் கணக்கெடுத்த அதிகாரியே அவர்களுடைய நடத்தையையும் கண்காணித்தார். சென்சஸும் திரைப்பட சென்சாரும் அதே வேரில் வந்தவை. புள்ளியியலில் எதையும் வெட்டுவதில்லை. ஒருவர் இந்த நாள்வரை உயிரோடு இருந்தார், அதற்குப் பிறகு தகவல் இல்லை என்பதே பொருள்.

தூத்துக்குடி போன்ற துறைமுக ஊரில் இச்சொல்லுக்கு வேலை அதிகம். கப்பல், லாரி, மீன்பிடி என்று பிழைப்பு ஆளை ஊர் மாற்றும். இங்கே அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்தில் மாத்திரை வாங்கியவர் வேறு மையத்துக்குப் போவார். 10 பேர் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் ஒருவர் இறக்கிறார். பிறகு இருவர் ஊர் மாறுகிறார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் மீதி 7 பேரில் ஒருவர் இறக்கிறார். போனவர்களையும் இறந்தவர்களாக எழுதினால் பிழைத்தோர் 60 சதவீதம். புள்ளியியலாளர்கள் கப்லான், மேயர் இருவரும் 1958இல் வெளியிட்ட முறைப்படி, போனவர்களைச் சென்சார் செய்து, 9/10ஐ 6/7ஆல் பெருக்கினால் 77 சதவீதம்.

ஆனால் ஊர் மாறியவரும் மாத்திரையை நிறுத்திவிட்டுக் காணாமல் போனவரும் ஒன்றல்ல. பின்னவருக்கு நோய் எதிர்ப்புக்கான சிடி4 அணுக்கள் குறைந்து நோய் முற்றும் அபாயம் அதிகம். இருவரையும் ஒரே பெயரில் அடக்கினால் அந்த 77 ஏமாற்றும். வராதவரை வீடு தேடிப் போய் விசாரித்து நிலையைப் பதிவேட்டில் ஏற்றும் களப்பணியாளர் இல்லாமல் இந்தக் கணக்கைப் போடவே கூடாது.