சேவையகத் திறனும் தனிச்சிறப்பு முறைமை அழைப்புகளும்: லினக்ஸ் வரலாற்றை முன்வைத்து

முன்னுரை

கோப்பைப் படித்தல், வலையிணைப்பில் எழுதுதல் போன்ற பணிகளுக்காக நிரல்கள் இயங்குதளத்தின் மையப் பகுதியாகிய கெர்னலை நாடும் வாயிலே முறைமை அழைப்பு. சேவையகங்களின் விரைவுக்கென்றே புதிய அழைப்புகளைச் சேர்த்தல் தகுமா என்னும் வினா 1990களின் இறுதியில் கூர்மை பெற்றது. அதற்கு லினக்ஸின் வரலாறு தரும் விடையை இக்கட்டுரை ஆராய்கிறது.

நகலெடுப்பும் காத்திருப்பும்

வலைச் சேவையகம் ஒரு கோப்பை அனுப்பும்போது, தரவு கெர்னலிலிருந்து நிரலின் நினைவகத்திற்கு வந்து, மாற்றமின்றி மீண்டும் கெர்னலுக்கே சென்றது. இவ்வீண் நகலெடுப்பைத் தவிர்க்க, 1999இல் வெளிவந்த லினக்ஸ் 2.2 பதிப்பில் சென்ட்பைல் இடம்பெற்றது.

மற்றொரு சிக்கல் காத்திருப்பைச் சார்ந்தது. செலக்ட், போல் ஆகிய பழைய அழைப்புகள் ஒவ்வொரு முறையும் இணைப்புகளின் முழுப் பட்டியலையும் சரிபார்த்தன. ஆகவே இணைப்புகள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது சுமையும் பெருகியது. ஃபிரீபிஎஸ்டியில் 2000இல் ஜோனதன் லெமன் உருவாக்கிய கேக்யூவும், லினக்ஸில் 2002இல் டேவிட் லிபென்சி உருவாக்கிய ஈபோலும் ஆயத்தமான இணைப்புகளை மட்டும் தெரிவித்தன.

கெர்னலுக்குள் சேவையகம்

இதே காலத்தில் சேவையகத்தையே கெர்னலுக்குள் கொண்டுசெல்லும் முயற்சியும் நிகழ்ந்தது. லினக்ஸ் 2.4 பதிப்பில் இடம்பெற்ற கேஎச்டிடிபிடி நிலையான பக்கங்களை மட்டும் வழங்கியது; 2.5 வளர்ச்சித் தொடரில் அது நீக்கப்பட்டது. இங்கோ மோல்னாரின் டக்ஸ் முதன்மைக் கெர்னலில் இணைக்கப்படவேயில்லை.

நீக்கவியலாத வாக்குறுதி

கேஎச்டிடிபிடியை நீக்க முடிந்தது. ஏனெனில் அதன் இடைமுகத்தை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் பெருகியிருக்கவில்லை. முறைமை அழைப்பின் நிலை வேறு. 2006இல் சென்ட்பைலினும் பொதுவான ஸ்பிளைஸ் வந்தது. 2007இல் சென்ட்பைலின் உட்செயல்பாடு அதன்மீதே திருத்தியமைக்கப்பட்டது. எனினும் பழைய அழைப்பு நீடிக்கிறது. அதை நீக்கினால் இயங்கிவரும் நிரல்கள் முறியும்.

பொதுமைக்கும் விலை உண்டு. ஜென்ஸ் ஆக்ஸ்போ உருவாக்கி 2019இல் சேர்க்கப்பட்ட ஐஓயூரிங், நிரலும் கெர்னலும் பகிரும் இரு வரிசைகளின் வழிப் பலவகைப் பணிகளை ஏற்கிறது. ஆனால், தனது கெர்னல் பரிசுத் திட்டத்திற்கு வந்த ஊடுருவல் முயற்சிகளில் 60 விழுக்காடு இதனைப் பயன்படுத்தியதாக 2023இல் அறிவித்த கூகுள், தன் அமைப்புகளில் இதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது.

முடிவுரை

சேவையகத் தேவை புதிய அழைப்பிற்குத் தூண்டுதலாகலாம், அதுவே வடிவமாகிவிடலாகாது. நகலெடுப்பைத் தவிர்த்தல், நிகழ்வை அறிவித்தல் போன்ற பொதுச் செயல்களாக வெளிப்பட்டவை நிலைத்தன. ஒரு பயன்பாட்டையே கெர்னலில் பதித்தவை மறைந்தன. ஆகவே, புதிய அழைப்பின் தகுதியை அதன் விரைவைக்கொண்டு மட்டுமன்றி, நெடுங்காலப் பராமரிப்பையும் பாதுகாப்புச் சுமையையும் சேர்த்தே மதிப்பிடல் வேண்டும்.