குக்கீ: மறதிக்கு வந்த மருந்து

வெப் சர்வருக்கு மறதி அதிகம். கேட்ட பக்கத்தைக் கொடுக்கும்; அடுத்த நொடியே கேட்டவர் யாரென்று மறந்துவிடும். எச்டிடிபியின் அமைப்பே அப்படித்தான். அப்புறம் இணையத்தில் கடை எப்படி நடத்துவது? கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்தில் காணாமல் போய்விடுமே!

1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி ஒரு வழி கண்டார். சர்வர் ஒரு துண்டுச்சீட்டு கொடுக்கும். பிரவுசர் அதைப் பத்திரமா வைத்திருந்து, அடுத்த முறை அதே சர்வரிடம் மட்டும் நீட்டும். செருப்பு விடும் இடத்து டோக்கன் மாதிரி. யுனிக்ஸ்காரர்களிடம் புழங்கிய 'மேஜிக் குக்கீ' என்ற சொல்லிலிருந்து பெயரும் வந்தது.

ஆனா, பக்கத்துக்குள் இருக்கும் விளம்பரப் படம் வேறொரு சர்வரிலிருந்து வருகிறது. அதுவும் தன் சீட்டைக் கொடுத்தது. பத்து தளங்களில் அதே கம்பெனி விளம்பரம் இருந்தால், பத்துக்கும் நீங்க போனது அதற்குத் தெரியும்.

1997 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 2109, இந்த மூன்றாம் தரப்பு குக்கீயைப் பயனர் சொன்னாலொழிய ஏற்கக் கூடாது என்றது. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் அதைக் கண்டுகொள்ளவில்லை. சஃபாரி முழுசா தடுக்க 2020 மார்ச் ஆனது. குரோமில் நிறுத்தப்போவதாக 2020-ல் அறிவித்த கூகுள், பிறகு பின்வாங்கியது.

ஆக, 1997-ல் பிரவுசர் செய்திருக்க வேண்டிய வேலை இன்று நம்ம கையில். செட்டிங்ஸில் மூன்றாம் தரப்பு குக்கீயை மட்டும் தடுங்க. எல்லாத்தையும் அழித்தால் லாகினும் போய்விடும். சர்வரின் பழைய மறதி திரும்பி வரும்.