காட்டுக் கரப்பான் வளர்ப்பின் வரலாறு

காட்டுக் கரப்பான் வளர்ப்பு என்பது காடு, புதர்நிலம், குகை போன்ற இடங்களில் பிடித்த கரப்பான் பூச்சிகளைப் பெட்டிகளில் வைத்து இனப்பெருக்கம் செய்யும் பொழுதுபோக்கு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பரவியது. உலகில் சுமார் 4,600 கரப்பான் இனங்கள் அறியப்பட்டுள்ளன. இவற்றுள் ஏறத்தாழ 30 இனங்கள் மட்டுமே மனிதர் வாழுமிடங்களை ஒட்டி வாழ்பவை. மற்றவை இலைச்சருகு, மட்கிய மரம், மண் ஆகியவற்றில் வாழ்ந்து, உதிர்ந்தவற்றைத் தின்று மண்ணுக்குச் சத்து சேர்ப்பவை. வளர்ப்பாளர்கள் நாடியது பெரும்பாலும் இந்த இனங்களையே.

ஆய்வகத் தொடக்கம்

கரப்பான்களை முறையாக வளர்க்கும் வழக்கம் ஆய்வகங்களில் உருவானது. அமெரிக்கப் பூச்சியியலாளர் லூயிஸ் ராத் (1918–2003) மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நேட்டிக் நகரில் இருந்த ராணுவ ஆய்வகத்தில் பணியாற்றினார். பல நாடுகளின் கரப்பான் இனங்களை அங்கே வளர்த்து, அவற்றின் இணைசேர்க்கையையும் முட்டையிடும் முறைகளையும் ஆராய்ந்தார். எட்வின் வில்லிஸுடன் சேர்ந்து அவர் எழுதிய, கரப்பான்களுக்கும் பிற உயிர்களுக்கும் உள்ள உறவுகள் பற்றிய பெருநூலை ஸ்மித்சோனியன் நிறுவனம் 1960-இல் வெளியிட்டது.

ஆய்வகங்களிலும் விலங்குக்காட்சி சாலைகளிலும் பெருகிய பூச்சிகள் நாளடைவில் தனிநபர்களின் வீடுகளுக்குச் சென்றன. மடகாஸ்கரின் சீறும் கரப்பான் அவற்றுள் புகழ்பெற்றது. இது உடலின் பக்கத்திலுள்ள மூச்சுத்துளைகள் வழியே காற்றை வேகமாக வெளியேற்றிச் சீறும். 1986-இல் பிரிட்டனில் பிளாட்டோடியா கல்ச்சர் குரூப் என்னும் வளர்ப்பாளர் அமைப்பு தோன்றியது.

பிடிக்கும் முறை

வளர்ப்பாளர்கள் இரவில் கைவிளக்குடன் மரப்பட்டைகளையும் சருகுகளையும் தேடுவர். பழைய ரொட்டித்துண்டை இரையாக வைத்து, ஏறி வெளியேற முடியாதபடி உட்புற விளிம்பில் வாசலைன் தடவிய கண்ணாடிச் சீசாவைப் பொறியாக வைப்பதும் உண்டு. கருவுற்ற ஒரு பெண்பூச்சி கிடைத்தாலே ஒரு குடியைத் தொடங்கிவிடலாம். காட்டிலிருந்து வரும் பூச்சியோடு உண்ணிகளும் புழுக்களும் சேர்ந்து வரும். முட்டைக்கூட்டைத் துளைத்து உள்ளே வளரும் ஒட்டுண்ணிக் குளவிகளும் உண்டு. எனவே புதிய பூச்சிகளைச் சில காலம் தனியே வைத்துப் பார்த்த பிறகே பிறவற்றோடு சேர்ப்பர்.

தென்னிந்தியாவின் டொமினோ கரப்பான்

வளர்ப்பாளர்கள் விரும்பும் அழகிய இனங்களுள் ஒன்று தென்னிந்தியாவைச் சேர்ந்தது. கறுப்பு உடலில் ஏழு வெண்புள்ளிகள் கொண்ட தேரியா பெட்டிவேரியானா, புள்ளிகளின் அமைப்பால் டொமினோ கரப்பான் எனப்படுகிறது. கடிக்கக்கூடிய ஒரு தரைவண்டின் தோற்றத்தை இது ஒத்திருப்பதால் எதிரிகளிடமிருந்து தப்புகிறது என்பர். 1758-இல் இதற்குப் பெயரிட்ட லின்னேயஸ் இதனை ஒரு வண்டினமாகவே கருதி, காசிடா என்னும் வண்டுப் பேரினத்தில் சேர்த்தார்.

பெயரின் பிற்பகுதி லண்டன் மருந்தாளர் ஜேம்ஸ் பெட்டிவரைக் குறிக்கிறது. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதித் தாவரங்களைத் தமிழ்ப் பெயர்களுடன் பெட்டிவருக்கு அனுப்பிவந்தார். ஆக, தென்னிந்திய இயற்கைப் பொருள்கள் ஐரோப்பிய அலமாரிகளுக்குப் பயணப்பட்ட வரலாறு முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

டொமினோ கரப்பானின் இளம்பூச்சிகள் சருகு மூடிய தளர்ந்த மண்ணுக்குள் பல மாதங்கள் மறைந்து வாழும். முதிர்ந்தவை சில மாதங்களே இருக்கும். அந்திப் பொழுதில் அவை வெளியே நடமாடும். தென்னை நார்க்கழிவும் இலைச்சருகும் இட்ட பெட்டியில், ஒரு பகுதியை மட்டும் ஈரமாக வைத்தால் இவை தலைமுறை தலைமுறையாகப் பெருகும்.

இன்று இவற்றை இந்தியாவிலிருந்து வெளிநாட்டினர் விரும்பியபடி எடுத்துச் செல்ல இயலாது. உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002-இன்படி, ஆய்வுக்கோ வணிகத்துக்கோ இந்திய உயிரினங்களைப் பெற விரும்பும் வெளிநாட்டினர் முன்கூட்டியே தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி பெற வேண்டும். அதன் தலைமையகம் சென்னையில் உள்ளது.

சிமாண்டோவா குகைக் கரப்பான்

மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில் சிமாண்டு மலைத்தொடர் உள்ளது. இரும்புத்தாது மிகுந்த இம்மலையில் 2002-இன் இறுதியில் அறிவியலாளர் குழு ஒன்று உயிரினக் கணக்கெடுப்பு நடத்தியது. அதில் பங்கேற்ற பூச்சியியலாளர் பியோத்தர் நஸ்கிரெட்ஸ்கி வௌவால்கள் வாழும் குகை ஒன்றில் அறியப்படாத பெரிய கரப்பான் இனத்தைக் கண்டார். அவரும் முதுமையிலிருந்த ராத்தும் இணைந்து அதற்கு சிமாண்டோவா கன்செர்ஃபாரியம் எனப் பெயரிட்டனர். இந்த இனம் வேறெங்கும் காணப்படவில்லை. பின்னர் சுரங்கப் பணியால் அக்குகை அழிந்தது.

ஆனால் உயிருடன் கொண்டுவரப்பட்ட சில பூச்சிகள் அதற்குள் இனம் பெருக்கியிருந்தன. அவற்றின் வழிவந்தவை வளர்ப்பாளர்களின் கைகளில் பரவின. இயற்கையில் அற்றுப்போனதாகக் கருதப்படும் இந்த இனம் இன்று பல நாடுகளில் பிளாஸ்டிக் பெட்டிகளில் வாழ்கிறது. ஒரு பொழுதுபோக்கு ஓர் உயிரினத்தைக் காத்ததற்கு இது அரிய சான்று.

எல்லைகள்

இச்சான்றைக் கொண்டு எல்லாப் பிடிப்பையும் நியாயப்படுத்த முடியாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வாழும் காண்டாமிருகக் கரப்பான் 8 செ.மீ. நீளமும் சுமார் 35 கிராம் எடையும் கொண்டது. உலர்ந்த யூகலிப்டஸ் இலைகளைத் தின்று, மண்ணில் ஒரு மீட்டர் ஆழம்வரை வளை தோண்டி, பத்து ஆண்டுகள் வரை வாழும். தாய் தன் குஞ்சுகளை வளைக்குள் பல மாதங்கள் பேணும். மெதுவாகப் பெருகும் இத்தகைய இனத்தை அளவின்றிப் பிடித்தால் ஓரிடத்தின் கூட்டம் எளிதில் குன்றும்.

மற்றொரு குறை, குறிப்பின்மை. பிடித்த இடமும் நாளும் எழுதப்படாமல் கைமாறும் பூச்சி அறிவியலுக்குப் பெரிதாகப் பயன்படாது. சந்தையில் விற்கப்படும் சீறும் கரப்பான்களுள் பல, நெருங்கிய இனங்கள் கலந்து பிறந்தவை என வளர்ப்பாளர்களே கருதுகின்றனர். அவற்றை மீண்டும் தூய இனங்களாகப் பிரிக்க வழியில்லை. சிமாண்டோவா கரப்பான் எந்த மலையின் எந்தக் குகையிலிருந்து வந்தது என்பது பதிவாகியிருக்கிறது. எனவே வாழிடம் அழிந்த பின்னும் அதன் வரலாறு அழியவில்லை. கவனமான வளர்ப்பாளர்கள் ஒவ்வொரு பெட்டியிலும் இனப்பெயர், பிடித்த இடம், நாள் ஆகியவற்றை எழுதி ஒட்டுவது இதனால்தான்.