பிறவியிலேயே குற்றவாளியா?

குற்றவியல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1965-இல் வந்தது. ஆனால் அதன் மூலக் கேள்வி நம் செங்கல்பட்டுக்கு அதற்கு 78 வருடம் முன்பே வந்துவிட்டது. (பி.காம் படிப்பவனுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள்!)

1871-இல் ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. பட்டியலில் உள்ள சமூகத்தில் பிறந்தாலே குற்றவாளி. அதே அரசு 1876-இல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் போட்டது. அதாவது, தண்டனை பெற்ற சிறுவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தால் திருந்துவான். அப்படித்தான் 1887-இல் செங்கல்பட்டில் ஒரு சீர்திருத்தப் பள்ளி வந்தது. உடலமைப்பை வைத்தே பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று இத்தாலியில் லொம்ப்ரோசோ புத்தகம் போட்டதும் அதே 1876-இல்தான்.

திருந்துவான் என்று ஒரு சட்டம், திருந்தவே மாட்டான் என்று இன்னொன்று! சமூகவியலும் குற்றவியலும் படிக்கும் மாணவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பேன். ஏனென்றால் இது வெறும் தத்துவச் சண்டை அல்ல. 1911-இல் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-இல், நாடு முழுக்க 1952-இல்.