படகில் எரிபொருள் கசிவு: வாடையை நீக்கும் முறையும் உடல்நலப் பாதுகாப்பும்

படகுகளில் டீசல், பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெய் கசிவது அவ்வப்போது நிகழக்கூடியதே. கசிவை அடைத்த பின்னரும் அதன் வாடை பல நாட்கள், சில வேளைகளில் பல வாரங்கள் நீடிக்கிறது. அதைத் தொல்லையாக மட்டுமே கருதிப் பலர் பழகிவிடுகின்றனர். ஆனால் வாடை வருகிறது என்றால், ஆவியாகும் எரிபொருள் படகில் எங்கோ எஞ்சியிருக்கிறது என்றே பொருள். எனவே வாடையை மறைக்க முயலாமல், எஞ்சிய எரிபொருளை முழுமையாக அகற்ற வேண்டும். அதற்கான வழிமுறைகளும் முதலுதவியும் கீழே தரப்பட்டுள்ளன.

வாடை ஏன் நீடிக்கிறது?

எரிபொருள் ஆவி காற்றைவிடக் கனமானது. ஆகவே அது மேலெழுந்து கலைந்துவிடாமல் இயந்திர அறையின் தரை, படகின் அடிப்பகுதி, பலகைகளுக்குக் கீழுள்ள இடைவெளி போன்ற தாழ்ந்த இடங்களில் தேங்குகிறது. மூடிய தளம் உள்ள விசைப்படகுகளில் இது அதிகம். திறந்த பைபர் படகுகளிலும் இயந்திரப் பெட்டிக்குள்ளும் தளத்தின் அடியிலும் ஆவி தேங்கக்கூடும்.

எரிபொருளின் தன்மையைப் பொறுத்து ஆபத்தும் மாறுபடுகிறது.

- பெட்ரோல் மிக விரைவாக ஆவியாகும். வாடை ஒப்பளவில் சீக்கிரம் மறையும். ஆனால் தீ விபத்துக்கான வாய்ப்பு மிக அதிகம். காற்றில் அதன் ஆவி சுமார் 1.4 விழுக்காடு கலந்தாலே ஒரு சிறு பொறியில் தீப்பற்றும்.
- டீசல் மெதுவாகவே ஆவியாகும். அது மரத்திலும் கயிற்றிலும் பழைய வண்ணப்பூச்சிலும் ஊறி, நீண்ட நாட்கள் வாடையை வெளியிடும். பெட்ரோலைப் போல எளிதில் தீப்பற்றாது எனினும், சூடான புகைபோக்கிக் குழாயின்மீது தெறித்தால் தீப்பிடிக்கும்.
- மண்ணெண்ணெய் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தன்மை உடையது.

உடல்நலப் பாதிப்புகள்

எரிபொருள் ஆவியைச் சிறிது நேரம் சுவாசித்தால் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு ஆகியவை ஏற்படலாம். மூடிய அறையில் அதிக அளவில் சுவாசித்தால் மயக்கமும் உயிரிழப்பும் நேரிடலாம். தலைச்சுற்றலால் நிலைதடுமாறிக் கடலில் விழும் அபாயமும் உண்டு.

தோலில் அடிக்கடி படுமானால், இயற்கையான எண்ணெய்ப் பசை நீங்கித் தோல் வறண்டு, வெடித்து, அழற்சி உண்டாகும். பெட்ரோலில் சிறிதளவு பென்சீன் உள்ளது. நெடுங்காலம் பென்சீனைச் சுவாசிப்பது இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம். ஆகவே, "பழகிவிட்டது" என்று நாள்தோறும் அந்த வாடையில் உறங்குவதும் உணவருந்துவதும் கூடாது.

மூக்கை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். ஒரே வாடையைத் தொடர்ந்து நுகரும்போது சில நிமிடங்களில் மூக்கு அதற்குப் பழகி, வாடை குறைந்ததுபோல் தோன்றும். படகில் இல்லாத ஒருவரை அழைத்து நுகர்ந்து பார்க்கச் சொல்வது நல்லது.

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது படகில் உள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் சோர்வும் ஏற்பட்டால், புகைபோக்கிக் கசிவினால் வரும் கார்பன் மோனாக்சைடு காரணமாக இருக்கலாம். இவ்வாயுவுக்கு வாடையோ நிறமோ கிடையாது. உடனே இயந்திரத்தை நிறுத்தி அனைவரும் திறந்த வெளிக்கு வர வேண்டும்.

கசிவு தெரிந்தவுடன் செய்ய வேண்டியவை

1. அடுப்பு, பீடி, சிகரெட், விளக்கு, ஊதுபத்தி அனைத்தையும் உடனே அணைக்கவும்.
2. இயந்திரத்தை நிறுத்தவும். கடலில் இருந்தால் நங்கூரம் இடவும்.
3. எரிபொருள் தொட்டியின் அடைப்பானை மூடவும்.
4. அனைவரும் காற்று வரும் திசையில் திறந்த தளத்துக்கு வரவும். உயிர்காப்பு உடையை அணியவும்.
5. எல்லா மூடிகளையும் கதவுகளையும் திறந்து வைக்கவும்.
6. பெட்ரோல் வாடை உள்ள அறையில் எந்த மின்விசையையும் போடவோ அணைக்கவோ கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றவும் கூடாது. இவற்றில் எழும் சிறு பொறியே போதுமானது. முதன்மை மின்விசை அறைக்கு வெளியே இருந்தால் மட்டும் அதனை அணைக்கலாம்.
7. கசிவு பெரிதாக இருந்தால், வாடை இல்லாத திறந்த இடத்திலிருந்து உதவி கோரவும். இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554. தமிழ்நாட்டில் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093.

இயந்திர அறைக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால், பதற்றத்தில் மற்றொருவர் உள்ளே குதிப்பது பெரும் ஆபத்து. காப்பாற்றச் சென்றவரும் அங்கேயே மயங்கி இறக்க நேரிடும். முதலில் மூடிகளைத் திறந்து காற்றோட்டத்தை உண்டாக்குங்கள். அறைக்குள் வேலை செய்ய இறங்கும் எவரும் இடுப்பில் கயிறு கட்டியிருந்தால், மேலிருந்தே இழுத்துவிட முடியும். மேலே ஒருவர் காவல் இல்லாமல் எவரும் உள்ளே இறங்கக் கூடாது.

சுத்தம் செய்பவரின் பாதுகாப்பு

துணி முகக்கவசமும் என்-95 முகக்கவசமும் தூசியைத் தடுக்குமே தவிர, எரிபொருள் ஆவியைத் தடுக்காது. ஆகவே காற்றோட்டமே முதன்மையான பாதுகாப்பு. 10 அல்லது 15 நிமிடங்களுக்கு ஒருமுறை வெளியே வந்து தூய காற்றைச் சுவாசியுங்கள். எரிபொருளைத் தாங்கும் நைட்ரைல் கையுறை அணியுங்கள். மெல்லிய சாதாரண ரப்பர் கையுறை எரிபொருளில் ஊறிக் கிழிந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறுவர்கள் ஆகியோரை இவ்வேலையில் ஈடுபடுத்தக் கூடாது.

வாடையை நீக்கும் முறை

இவ்வேலையைக் கரையில், பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். பெட்ரோல் கசிந்திருந்தால், ஆவி முற்றிலும் வெளியேறிய பின்னரே தொடங்க வேண்டும்.

*முதல் நிலை: கசிவிடத்தைக் கண்டறிதல்.* தொட்டியின் பற்றவைப்பு ஓரங்கள், குழாய் இணைப்புகள், வடிகட்டியின் அடிக்கிண்ணம், மீள்குழாய், எரிபொருள் ஊற்றும் வாய் ஆகியவற்றை ஆராயுங்கள். வெளிப்பொருத்து மோட்டாரில் கையால் அழுத்தும் ரப்பர்க் குமிழையும் அதன் குழாயையும் பாருங்கள். ஒவ்வோர் இணைப்பையும் துடைத்துவிட்டு, அதன்கீழ் வெள்ளைக் காகிதம் ஒன்றை வைத்தால், சிறு கசிவும் கறையாகத் தெரியும். கசிவைச் சரிசெய்யாமல் கழுவுவது வீண்.

*இரண்டாம் நிலை: தேங்கியதை அகற்றுதல்.* படகின் அடியில் எரிபொருளும் நீரும் கலந்து தேங்கியிருக்கும். அதைப் பிளாஸ்டிக் குவளையாலும் பஞ்சாலும் எடுத்து, மூடியுள்ள கலனில் சேர்க்கவும். பெட்ரோல் கலந்த நீரை மின் பம்பு கொண்டு இறைக்கக் கூடாது. எஞ்சியதைப் பழைய பருத்தித் துணி, மரத்தூள் அல்லது எண்ணெய் உறிஞ்சும் விரிப்பு கொண்டு ஒற்றி எடுக்கவும். இவ்வகை விரிப்பு நீரை விட்டு எண்ணெயை மட்டும் உறிஞ்சும் என்பதால் மிகவும் பயனுள்ளது.

*மூன்றாம் நிலை: கழுவுதல்.* பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பை வெதுவெதுப்பான நீரில் கலந்து, கசிந்த பரப்பு முழுவதும் தேய்க்கவும். 10 முதல் 15 நிமிடங்கள் ஊறவிட்டு, மீண்டும் தேய்த்து, அழுக்கு நீரை அள்ளி எடுக்கவும். டீசல் கசிவுக்கு ஒருமுறை கழுவினால் போதாது. கழுவிய நீரில் எண்ணெய்ப் படலம் தெரியாத வரை திரும்பச் செய்ய வேண்டும். விலாக் கட்டைகளின் இடுக்குகள், இயந்திரத்தின் அடித்தாங்கி, பலகைகளின் அடிப்புறம் ஆகியவையே பெரும்பாலும் விடுபட்டுப்போகும் இடங்கள்.

*நான்காம் நிலை: உலர்த்துதல்.* கழற்றக்கூடிய பலகைகளை வெளியே எடுத்து வெயிலில் வையுங்கள். மூடிகளைத் திறந்தே வைத்து, சில நாட்கள் காற்றாட விடுங்கள்.

*ஐந்தாம் நிலை: எஞ்சிய வாடையை உறிஞ்சுதல்.* உலர்ந்த பரப்பில் சமையல் சோடாவைத் தூவி, ஓர் இரவு விட்டுத் துடைத்தெடுக்கலாம். துளையிட்ட பெட்டியில் செயலூட்டப்பட்ட கரியை இட்டு வைப்பதும் உதவும். இவை மிச்சமுள்ள சிறிதளவு வாடையைக் குறைக்கவே பயன்படும்; முந்தைய நிலைகளுக்கு மாற்றாகா.

மரத்தில் ஆழமாக ஊறிய டீசல் வாடை நீங்கப் பல வாரங்கள் ஆகலாம். அது நீங்கும் முன் வண்ணம் பூசினால், பூச்சு ஒட்டாமல் உரிந்துவிடும்.

படகில் உள்ள பொருட்களும் மீனும்

- எரிபொருளில் நனைந்த மெத்தை, தலையணை, பஞ்சு இருக்கை ஆகியவற்றைக் கழுவிப் பயன்படுத்துவதைவிட அப்புறப்படுத்துவதே பாதுகாப்பு.
- பெட்ரோல் தெர்மக்கோலைக் கரைத்துவிடும். எரிபொருளில் ஊறிய உயிர்காப்பு உடையும் தன் உறுதியை இழந்திருக்கலாம். அதனை மாற்றிவிடுங்கள்.
- நனைந்த துணிகளைத் திறந்த வெளியில் காயவைத்த பின்னரே துவைக்கவும். அடுப்பருகே உலர்த்தக் கூடாது.
- எரிபொருள் பட்ட மீனையும் பனிக்கட்டியையும் உண்ணவோ விற்கவோ கூடாது. கழுவினாலும் சமைத்தாலும் மீனில் ஏறிய டீசல் நீங்காது.
- மூடாமல் இருந்த குடிநீரையும் உணவுப் பொருட்களையும் பயன்படுத்த வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவை

- சாம்பிராணி, கற்பூரம், ஊதுபத்தி ஏற்றி வாடையைப் போக்க முயலாதீர்கள். இது தீ விபத்துக்கு வழிவகுக்கும். படகில் வழிபாடு செய்வதானால், வாடை முற்றிலும் நீங்கிய பின் செய்யுங்கள்.
- நறுமணத் தெளிப்பான் கசிவின் அறிகுறியை மறைத்துவிடும்; அதிலுள்ள வாயுவும் தீப்பற்றக்கூடியது.
- பிளீச்சிங் பவுடர் எரிபொருள் வாடையை நீக்காது. அதனுடன் வினிகரோ அமிலமோ சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரின் வெளிவரும்.
- டீசல் கறையைப் பெட்ரோலாலோ தின்னராலோ துடைக்காதீர்கள்.
- எண்ணெய் கலந்த நீரைக் கடலிலோ துறைமுகத்திலோ கொட்டாதீர்கள். சோப்பு ஊற்றி இறைத்தால் படலம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். எண்ணெய் நீருக்குள் கலந்து மீன் குஞ்சுகளைப் பாதிக்கும். அந்நீரையும் துடைத்த துணிகளையும் மூடிய கலனில் வைத்து, கழிவு எண்ணெய் சேகரிப்போரிடம் ஒப்படைக்கவும். கரையில் எரிக்கக் கூடாது.

முதலுதவி

*சுவாசித்திருந்தால்:* தூய காற்றுள்ள இடத்துக்குக் கொண்டு வந்து, இறுக்கமான உடையைத் தளர்த்தவும். மயக்கமுற்று மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும்.

*தோலில் பட்டால்:* நனைந்த உடையை அகற்றி, சோப்பும் நீரும் கொண்டு கழுவவும். கையில் உள்ள கரியையும் பிசுக்கையும் மண்ணெண்ணெயால் கழுவும் வழக்கத்தைக் கைவிடவும்.

*கண்ணில் பட்டால்:* இமையைத் திறந்து பிடித்து, தூய நன்னீரால் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவவும்.

*விழுங்கியிருந்தால்:* வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புக் கரைசல் முதலியவற்றையும் கொடுக்கக் கூடாது. வாந்தியின்போது எரிபொருள் நுரையீரலுக்குள் சென்றால் கடும் நுரையீரல் அழற்சி ஏற்படும். தொட்டியிலிருந்து எரிபொருளை எடுக்கக் குழாயை வாயால் உறிஞ்சும்போதும் இதே ஆபத்து உண்டு. அதற்குக் கைப்பம்பைப் பயன்படுத்துங்கள். தொடக்கத்தில் நலமாகத் தெரிந்தாலும், இருமலும் மூச்சுத் திணறலும் சில மணி நேரம் கழித்துத் தோன்றலாம். ஆகவே தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எப்போது மருத்துவ உதவி பெற வேண்டும்?

கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால் உடனே 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.

- மயக்கம், குழப்பம், வலிப்பு
- மூச்சுத் திணறல், நிற்காத இருமல், மார்பு வலி
- எரிபொருளை விழுங்கியது, அளவு சிறிதாயினும்
- கழுவிய பின்னும் தீராத கண் வலி அல்லது பார்வை மங்கல்

தூய காற்றில் இருந்தும் சில மணி நேரத்தில் குறையாத தலைவலிக்கும், ஆறாத தோல் அழற்சிக்கும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். எந்த எரிபொருள், எவ்வளவு நேரம், மூடிய இடமா திறந்த இடமா என்பனவற்றை மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

வாடை மீண்டும் வராமல் தடுக்க

சுத்தம் செய்து சில நாட்கள் கழித்து வாடை திரும்பினால், கசிவு இன்னும் நிற்கவில்லை என்று கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை கடலுக்குப் புறப்படும் முன்னும் மூடிகளைத் திறந்து, தாழ்ந்த இடத்தில் வாடை உண்டா என்று பார்த்த பின்னரே இயந்திரத்தை இயக்குங்கள். வெடித்த குழாய், துருப்பிடித்த கிளாம்ப் ஆகியவற்றை உடனுக்குடன் மாற்றுங்கள். தொட்டியை விளிம்பு வரை நிரப்பாமல், எரிபொருள் விரிவடைய இடம் விடுங்கள். எரிபொருளைக் குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றி வைக்காதீர்கள். சிறுவர்கள் அறியாமல் குடித்துவிடுவது இவ்வாறே நேர்கிறது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. தொட்டியை இறக்கிச் சோதிக்கவும், குழாய்களை மாற்றவும், அடிப்பகுதியை முழுமையாகக் கழுவி உலர்த்தவும் இதுவே ஏற்ற காலம்.