சுருளி மலையும் உடலறி நெறியும்

தமிழர் மருத்துவ வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மருந்துகளின் வரலாற்றையே எழுதிப் போந்தனர். எம்மூலிகை எந்நோயைத் தீர்த்தது, எச்செந்தூரத்தை எச்சித்தர் கண்டார் என்பனவே அவர்தம் வினாக்களாயின. நோய் வருமுன் ஒருவன் தன் உடலை எவ்வாறு நோக்கினான், பசியையும் உறக்கத்தையும் பருவத்தையும் எவ்வாறு அளந்தான் என்னும் வினா பின்தள்ளப்பட்டது. ஆயுர்வேத நூலார் இந்நெறியைத் தினசரியை, இருதுசரியை என்பர். தமிழ் மருத்துவர் நாளொழுக்கம், கால ஒழுக்கம் என்பர். இவ்வொழுக்கமே மருத்துவத்தின் முதற்பகுதி என்பதும், அதற்கு அடிப்படையாவது தன் உடலைத் தானே அறியும் அறிவு என்பதும் இக்கட்டுரையின் துணிபு. இதனை ஆராய்தற்குத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு ஏற்றதொரு களமாக அமைகின்றது.

மேற்கே குடமலைத் தொடரும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும் அரணாக நிற்க, இடையே கிடப்பது இப்பள்ளத்தாக்கு. 1996இல் மதுரை மாவட்டத்தினின்றும் தேனி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இப்பகுதி அதன்கண் அடங்கிற்று. குமுளி வழியே மலையைக் கடப்பின் ஆயுர்வேதம் வேரூன்றிய கேரளம். இப்பால் சித்த மருத்துவம் வழங்கும் தமிழகம். வடபால் உள்ள போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தால் பெயர் பெற்றது. ஏலத்தை முதலாகக் கொண்ட மருந்தின் பெயரால் கீழ்க்கணக்கில் ஓர் அறநூல் ஏலாதி என வழங்குதலும், திரிகடுகமும் சிறுபஞ்சமூலமும் அவ்வாறே மருந்துப் பெயர் பூண்டமையும் ஈண்டு நினைக்கத்தகும். ஒழுக்கத்தை மருந்தெனக் கருதிய மரபு மருந்தையும் ஒழுக்கமெனக் கருதியதில் வியப்பில்லை.

கம்பத்தை அடுத்த சுருளி மலை அருவியாலும் குகைகளாலும் சித்தர் உறைவிடம் என்னும் வழக்காலும் அறியப்பட்டது. இவ்வழக்கைச் செவிவழிச் செய்தி என்று ஒதுக்காதவாறு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. கருணாமிர்த சாகரம் என்னும் இசைப்பெருநூலை 1917இல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். அவர் சுருளி மலைக்குச் சென்று, கருணானந்தர் என்னும் துறவியைக் கண்டு, அவரிடம் சித்த மருத்துவம் பயின்றார் என அவர்தம் வரலாறு கூறும். பின்னர்த் தஞ்சையில் ஆசிரியராயிருந்த பண்டிதர் 1890இல் அப்பணியைத் துறந்து மருத்துவத்தையே தொழிலாகக் கொண்டார். தஞ்சைக்கு அருகே தாம் அமைத்த தோட்டத்திற்குக் கருணானந்தபுரம் எனத் தம் ஆசானின் பெயரையே இட்டார். கிறித்தவராகிய பள்ளியாசிரியர் ஒருவர் மலைவாழ் துறவி ஒருவரிடம் மாணாக்கராதலும், அத்தொடர்பைத் தம் நிலத்தின் பெயரிலேயே பொறித்து வைத்தலும் எளிய செய்திகள் அல்ல. மருத்துவக் கல்வி குலவழியாக மட்டுமன்றி ஆசான் மாணாக்கர் வழியாகவும், சமய எல்லை கடந்தும் இயங்கியதற்கு இது சான்றாகும்.

ஆயினும், பண்டிதரின் இசையாராய்ச்சியைப் பாராட்டும் நாம் அவர்தம் மருத்துவத்தைப் பேசுங்கால் மருந்துகளையே நினைவுகூர்கின்றோம். அவர் பயின்ற மரபு மருந்துச் செய்முறை மட்டுமோ? அம்மரபின் நூல்களே இதற்கு விடை பகர வல்லன.

முதற்கண் திருக்குறளை நோக்குவாம். மருந்து என்னும் அதிகாரத்துப் பத்துக் குறள்களுள் முதலாவது வளி முதலிய மூன்றும் மிகினும் குறையினும் நோயாம் என்னும் பொதுவிதியைக் கூறும். இறுதி மூன்றும் மருத்துவன் செயலையும் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளையும் உரைப்பன. இடைநின்ற ஆறும் உணவைப் பற்றியன. அவற்றுள்ளும், முன்னுண்டது செரித்தமையை நோக்கிப் பின் உண்ணல் வேண்டும் என்னும் கருத்து அடுத்தடுத்து மூன்று குறள்களில் வருகின்றது. கூறியது கூறல் வள்ளுவர்க்குக் குற்றமாகாதோ எனின், ஆகாது. அவர் வற்புறுத்துவது செரிமானத்தை மட்டுமன்று, அதனை அறியும் அறிவையுமாம். செரித்ததா இல்லையா என்பதை உண்டவன் ஒருவனே உணர்வான். ஆகவே மருத்துவனுக்கு மூன்று குறள் அளித்த ஆசிரியர் உண்பானுக்கு ஆறு குறள் அளித்தார் என்க.

வடமொழிச் சரகநூலும் இக்கருத்தினின்று வேறுபடவில்லை. அதன் சூத்திரத்தானத்தில் அளவறிந்து உண்டல், பருவத்திற்கேற்ப ஒழுகல், இயற்கை வேகங்களை அடக்காமை என்பன அடுத்தடுத்த அதிகாரங்களாக வைக்கப்பட்டுள்ளன. தும்மல், கொட்டாவி, பசி, நீர்வேட்கை, கண்ணீர், உறக்கம் முதலாக அடக்கலாகா வேகங்கள் பதின்மூன்றனை அந்நூல் எண்ணும். சித்த மருத்துவர் பதினான்கு என்பர். எண்ணில் வேறுபடினும் கருத்து ஒன்றே. உடல் தன் தேவையைத் தானே உரைக்கின்றது; அதனைக் கேளாதிருத்தலே நோய்க்கு வித்து. இது வடமொழியினின்று வந்ததா, தமிழினின்று சென்றதா என வழக்காடுவதினும், இரு மரபும் நோக்கிய பொருள் ஒன்று என்பதை உணர்தல் பயனுடைத்து.

இனி, தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகா விதியைக் காண்பாம். நான்கு நாளுக்கொருமுறை எண்ணெய் முழுக்கு, ஒன்றரைத் திங்களுக்கொருமுறை நசியம், நான்கு திங்களுக்கொருமுறை பேதி, ஆறு திங்களுக்கொருமுறை வாந்தி மருந்து என அந்நூல் காலம் வகுக்கும்; முதல்நாள் சமைத்த கறியை விலக்கும். இவ்விதிகளினும் அவை உரைக்கப்பட்ட முறையே எம் கருத்தைக் கவர்வது. அறநூல்கள் பல செய்க, செய்யற்க எனப் பிறரை ஏவும். தேரையர் நூலோ தன்மைப் பன்மை வினைகளால் இயல்கின்றது. நாம் இவ்வாறு உண்போம், இதனைச் செய்யோம் என்று கற்பவனும் கற்பிப்பவனும் ஒருங்கே ஏற்கும் உறுதிமொழியாக அஃது அமைந்துள்ளது. ஏவல் மருத்துவனுக்கு உரியது. உறுதிமொழி உடலை உடையானுக்கு உரியது. இலக்கணம் காட்டும் இவ்வேறுபாடு மருத்துவ வரலாற்றிற்கும் சான்றாதல் காண்க.

இம்மரபு உடலோடு நிலத்தையும் நோக்கிற்று. குறிஞ்சி நிலத்தில் குருதியை உறிஞ்சும் சுரமும் வயிற்றுக் கட்டியும் உண்டாம் என்றும், மருத நிலம் நோய் நீக்குவது என்றும் பதார்த்த குண சிந்தாமணி கூறும். 1887இல் தொடங்கி 1895இல் முல்லைப் பெரியாற்று நீர் கம்பம் பள்ளத்தாக்கிற்குத் திருப்பப்பட்ட காறும், மலைக்காட்டில் உழைத்த தொழிலாளர் பலர் மலேரியாக் காய்ச்சலுக்கு இரையாயினர். மலேரியா குருதிச் சோகையையும் மண்ணீரல் வீக்கத்தையும் விளைப்பது; நூல் கூறும் குறிகளோடு இதனை ஒப்பு நோக்கலாம். எனினும் மரபின் எல்லையும் இங்கேயே புலனாகின்றது. முன்னோர் நோயையும் நிலத்தையும் இணைத்துக் கண்டனர். இடைநின்ற கொசுவைக் கண்டிலர். அதனை 1897இல் உரொனால்டு ராசு மெய்ப்பித்தார். உடலறிவு நுட்பமான நோக்கு. ஆயின் ஆய்வுக்கூடத்திற்கு அது மாற்றாகாது. பழநூல் வகுத்த பேதிக்கும் வாந்திக்கும் உரிய கால அளவை மருத்துவரை வினவாது இன்று ஒருவர் மேற்கொள்ளுதலும் தகாது.

1921இல் சென்னை மாகாண அரசு முகமது உசுமான் தலைமையில் உள்நாட்டு மருத்துவம் பற்றிய குழுவை அமைத்தது. அதன் விளைவாகச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றிற்று. 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது. இவற்றால் மருத்துவம் நிலைபெற்றது, மகிழ்ச்சியே. ஆனால் யாவர்க்கும் உரியதாயிருந்த ஒழுக்கம் மருத்துவ மாணவர் எழுதும் தேர்வுப் பாடங்களுள் ஒன்றாயிற்று. மறுபுறம், உடலறிவு என்பது இன்று எண்ணெயும் பொடியும் விற்போர் தம் விளம்பரச் சொல்லாகவும் மாறிவருகின்றது.

தமிழ்த்துறையினர் இதில் செய்யத்தக்கது யாது? மருத்துவச் சுவடிகளில் மருந்துப் பகுதியை மருத்துவர் ஆராய்க. ஒழுக்கப் பகுதியோ சொல்லும் வினையும் உவமையும் நிறைந்த இலக்கியம். அதனைப் பாடபேதங்களோடு பதிப்பித்தலும், ஆசாரக்கோவை முதலிய அறநூல்களோடு ஒப்பிடுதலும் நம் கடன். கருணானந்தரிடம் மருத்துவம் பயிலச் சுருளி மலைக்குச் சென்றவர் ஒரு பள்ளியாசிரியரே என்பதை முதுகலை மாணவர் மறவாதிருப்பாராக.