பக்கத்து அறைக் கணினி ஏன் தெரியவில்லை? - ஒரு சின்ன வரலாறு

போன மாதம் ஊரிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. லால்குடியில் இருக்கும் அத்தையின் பேத்திக்குக் கல்யாணம். பத்திரிகையைப் பிரித்ததும் வீட்டம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏங்க, நம்ம கல்யாணத்துக்கு அத்தை வீட்டுல எவ்வளவு மொய் எழுதினாங்க?"

எங்கள் மொய் நோட்டு, கல்யாணம் ஆன 2007ஆம் வருட மழையிலேயே ஊர் வீட்டு ஒழுக்கலில் நனைந்து கூழாகிவிட்டது. அடுத்த வருடம் அம்மா மும்பை வந்து ரெண்டு மாதம் இருந்தார். அப்போது நினைவிலிருந்தே முழு மொய்க்கணக்கையும் சொல்ல, நான் ஹெட்போன் மைக்கை அவர் முன்னால் பிடித்துக் கணினியில் பதிவு செய்தேன். அம்மா இப்போது இல்லை. அந்தக் கணினி மட்டும் விண்டோஸ் எக்ஸ்.பி.யோடு பரணில் இருக்கிறது.

இறக்கித் துடைத்து மின்சாரம் கொடுத்தேன், ஓடியது! ரவுட்டரில் இணைய வயரைப் பிடுங்கிவிட்டு (எக்ஸ்.பி.யை இன்று இணையத்தில் விடுவது, கைக்குழந்தையை தாதர் ரயில் நிலையத்தில் விடுவது மாதிரி), இதையும் பையனின் புது விண்டோஸ் 11 லேப்டாப்பையும் அதே ரவுட்டரில் இணைத்தேன். ஃபோல்டரைப் பகிர்ந்தேன். பத்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன். "அப்பா, லிஸ்ட்லயே காட்ட மாட்டேங்குது" என்றான். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. சாயங்காலம்தான் புரிந்தது, எந்தக் கணினியும் பழுதாகவில்லை. இடையில் நாற்பது வருட வரலாறு குறுக்கே படுத்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். (டிஸ்கி: நான் பி.காம். படித்த வங்கிக்காரன். கணினி வல்லுநர்கள் கல்லெறிய வேண்டாம் :-))

1980களின் தொடக்கத்தில், ஒரே அலுவலகத்தில் பத்து கணினிகள் பேசிக்கொள்வதற்காக ஐ.பி.எம். நிறுவனத்துக்கு சைடெக் என்ற நிறுவனம் நெட்பயாஸ் என்ற ஏற்பாட்டைச் செய்துகொடுத்தது. ஒவ்வொரு கணினிக்கும் 15 எழுத்துக்குள் ஒரு பெயர். வயரில் "நான் இன்னார்" என்று கத்த வேண்டும், அவ்வளவுதான். அதே காலத்தில் ஐ.பி.எம்.மில் பாரி ஃபைகன்பாம் எழுதியதுதான் கோப்புகளைப் பகிரும் மொழியான எஸ்.எம்.பி. இவற்றைச் செய்தவர்கள் மனதில் இருந்தது ஒரு அறை, அதில் ஒருவரை ஒருவர் தெரிந்த சிலர். எங்கள் ஊர்க் கிளையில் பழைய பேரேடுகள் மேஜை மேல் திறந்தே கிடக்குமே, அந்த மாதிரி. திருடன் உள்ளே வருவான் என்று யாரும் நினைக்கவில்லை.

மைக்ரோசாஃப்ட் இதை எடுத்துக்கொண்டு 1992 அக்டோபரில் 'விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ்' வெளியிட்டது. ஒர்க்குரூப் என்ற சொல் வீட்டுக்குள் வந்தது அதன் வழியாகத்தான். அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர், வயரில் போகும் செய்திகளைப் பார்த்தே அந்த மொழியைக் கற்று யூனிக்ஸ் கணினியில் பேசவைத்தார். பிறகு அதற்குப் பெயர் வேண்டும் என்று எஸ், எம், பி மூன்றும் வரிசையாக வரும் சொற்களை அகராதியில் தேடச் சொன்னாராம். வந்ததில் ஒன்று 'சாம்பா'. இன்று உங்கள் வீட்டு ரவுட்டரில் பென் டிரைவ் செருகும் துளை இருந்தால், பெரும்பாலும் உள்ளே இருப்பது அந்த சாம்பாவின் ஏதோ ஒரு வடிவம்தான்.

நம் வீடுகளுக்கு இந்தக் கதை தாமதமாக வந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தபோது, வீட்டுக்கு ஒரு மோடம், ஒரு கணினி. பகிர என்ன இருந்தது? போன் அடித்தால் இணையம் போகும், இணையம் இருந்தால் ஊரிலிருந்து போன் வராது. அதுதான் அன்றைய ஒரே நெட்வொர்க் பிரச்சினை. 1999ல் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு வந்தபோது ஒரு இணைப்பை ரெண்டு கணினிக்குப் பகிரும் வசதி வந்தது. பகிரும் கணினிக்கு 192.168.0.1 என்று எண் கொடுக்கும், மற்றது அதனிடம் எண் கேட்டு வாங்கும். கேட்டும் கிடைக்காவிட்டால் தானே 169.254 என்று தொடங்கும் எண்ணை எழுதிக்கொள்ளும். இன்றும் அந்த எண்ணைப் பார்த்தால் வேறெதையும் தோண்டாதீர்கள். "எனக்கு யாரும் எண் தரவில்லை" என்று அர்த்தம். வயர், ரவுட்டர் இரண்டையும் பாருங்கள்.

2004ல் நான் மும்பை வந்து டோம்பிவிலியில் நான்கு பேச்சிலர்களோடு தங்கியபோது எங்களுக்குக் கேபிள்காரர் இணையம். மொட்டை மாடி வழியாக நீல வயர் தொங்கி ஜன்னலில் நுழையும். 'மை நெட்வொர்க் பிளேசஸ்' திறந்தால் எங்கள் ரெண்டு கணினிகள் மட்டுமா தெரிந்தன? கட்டடம் முழுக்க வரிசையாக நின்றது! கேபிள்காரர் எல்லா வீட்டையும் ஒரே வயரில் கோத்திருந்தார். பாட்டு, சினிமா எல்லாம் பக்கத்து வீட்டிலிருந்தே கிடைத்தது, கொண்டாட்டம். ஒருநாள் யாரோ ஒருவருடைய 'சி' டிரைவ் முழுக்கத் திறந்து கிடந்ததைப் பார்த்தேன். வருமான வரிக் கணக்கு, பாஸ்புக் ஸ்கேன், குழந்தைகள் படங்கள். அன்றைக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. என்னுடையதையும் யாரோ இப்படிப் பார்த்திருப்பார்களே.

வீட்டுக்காக மைக்ரோசாஃப்ட் செய்த எளிமையே அதற்குக் காரணம். எக்ஸ்.பி. ஹோம் பதிப்பில் பகிர்ந்த ஃபோல்டருக்குத் தனிக் கடவுச்சொல் கிடையாது, வயரில் வருகிற எல்லோரும் விருந்தாளி. அந்த நாட்களின் மற்ற தலைவலிகளும் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஹோம் பதிப்பில் ஒர்க்குரூப் பெயர் 'எம்.எஸ்.ஹோம்', புரொஃபெஷனலில் 'ஒர்க்குரூப்'. இரண்டும் வேறு என்பதால் ஒன்று மற்றதன் பட்டியலில் சட்டென்று தெரியாது. பெயரை ஒன்றாக்கினாலும் உடனே வராது. கணினிகள் தங்களுக்குள் தேர்தல் வைத்து ஒரு தலைவரைப் பிடிக்கும், பட்டியல் அவரிடம் இருக்கும், ஒவ்வொருவரும் 12 நிமிடத்துக்கு ஒருமுறைதான் தன்னிருப்பைச் சொல்வார்கள். மூன்று முறை குரல் வராவிட்டால்தான் பெயர் அடிபடும். அதனால் அணைத்த கணினி அரை மணி நேரம் பட்டியலில் உயிரோடிருக்கும், புதிதாக வந்தது கண்ணில் படாது. "டீ குடித்துவிட்டு வந்தால் சரியாகிவிடும்" என்று ரூம்மேட் சொல்வதைக் கிண்டல் செய்வோம். அவன் சொன்னது தொழில்நுட்ப ரீதியாகவே சரி!

முதல் கதவு மூடப்பட்டது ஒரு புழுவால். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் வந்தது. 60 விநாடி எண்ணிக் கணினி தானாக அணையுமே, அதுதான். ஒரு மாதத்துக்கு முன்பே திருத்தம் வெளியாகியிருந்தது, ஆனால் வீடுகளில் யார் போட்டார்கள்? அடுத்த ஆகஸ்டில், 2004ல், எக்ஸ்.பி.யின் சர்வீஸ் பேக் 2 வந்தபோது ஃபயர்வால் தானாகவே இயங்கும்படி வந்தது. விலக்குப் பட்டியலில் கோப்புப் பகிர்வுக்கு டிக் இல்லையென்றால் பக்கத்து அறைக்காரனும் அந்நியன்தான். "ஃபயர்வாலை ஆஃப் பண்ணு" என்பது எல்லா வியாதிக்கும் மருந்தானது அப்போதுதான். நானும் எத்தனையோ வீடுகளில் அந்தப் பாவத்தைச் செய்திருக்கிறேன். வங்கியில் பெட்டகத்துக்கு ரெண்டு சாவி, ரெண்டு பேர் கையில். இன்னொருவர் வரத் தாமதமானால் காத்திருப்போமே தவிரக் கதவைக் கழற்றி வைப்பதில்லை. வீட்டில் மட்டும் கழற்றினோம்.

விண்டோஸ் 7ல் (2009) ஹோம்குரூப் என்று ஒன்று வந்தது. ஒரு கடவுச்சொல், வீடு முழுக்கப் பகிர்வு. பலருக்கு அது பிடிபடவே இல்லை, 2018ல் எடுத்துவிட்டார்கள்.

பெரிய கதவு மூடியதற்குக் காரணம் 2017. மைக்ரோசாஃப்டின் நெட் பைல் என்பவர் 2016லேயே "எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பை நிறுத்துங்கள்" என்று எழுதியிருந்தார். 2017 மே 12, வெள்ளிக்கிழமை, வான்னாக்ரை அந்தப் பழைய மொழியில் இருந்த ஓட்டை வழியாகவே கணினி கணினியாகப் பாய்ந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் திணறின. இதற்கும் மார்ச் மாதமே திருத்தம் வந்திருந்தது! 2017 அக்டோபர் பதிப்பிலிருந்து விண்டோஸ் 10ல் முதல் எஸ்.எம்.பி. படிப்படியாக விலக்கப்பட்டது. அதோடு அந்தப் பழைய தேர்தல், தலைவர், பட்டியல் எல்லாம் போயின. 2024ல் வந்த விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்பு இன்னும் கறார்: புரொஃபெஷனலில் விருந்தாளி நுழைய முடியாது, ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் வேண்டும். கையொப்பம் பொருந்தாத செக்கைத் திருப்பி அனுப்புகிறவன் நான், இதற்காகக் கோபப்பட முடியுமா?

எக்ஸ்.பி.க்குத் தெரிந்தது முதல் எஸ்.எம்.பி. மட்டும். என் பரண் கணினி பேசிய மொழியைக் கேட்கக் கூடாது என்று பையனின் லேப்டாப்புக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பெட்டியில் ஒரு டிக் போட்டால் பழைய மொழியைத் திரும்பப் பெறலாம், வழியும் தெரியும். ஆனால் நாளை அவன் அதே லேப்டாப்பைக் கல்லூரி விடுதி வை-ஃபையில் இணைப்பான். நான் எடுக்க மறந்தால்? டிக் போடவில்லை. (ரெண்டும் புதுக் கணினியாக இருந்து பட்டியலில் தெரியவில்லை என்றால் இது எதுவும் வேண்டாம். நெட்வொர்க்கை 'பிரைவேட்' ஆக்குங்கள், இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு மற்றதன் பெயரையே நேராகத் தட்டுங்கள், கடவுச்சொல் உள்ள கணக்கைக் கொடுங்கள். கடவுச்சொல் இல்லாத கணக்கை எக்ஸ்.பி. காலத்திலிருந்தே வயர் வழியாக உள்ளே விடுவதில்லை.)

இதையெல்லாம் நான் பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து வந்தது கேள்வி: "அதை ஒரு பென் டிரைவ்ல போட்டா ஆகாதாங்க?"

ஆகும். முன்பக்கத் துளைகள் செத்திருந்தன, பின்பக்கத் துளை வேலை செய்தது. ஓட்டினோம். பதினொரு நிமிடம். பின்னால் எங்கள் பழைய ஃபேனின் கடகட. "அத்தை வீட்டுல ஐநூத்தி ஒண்ணு. அப்புறம் ஒரு எவர்சில்வர் குடம், அடியில ஒரு ஒடுக்கு, கடைக்காரன் ஏமாத்திட்டான் போல. அதையும் எழுதிக்கோடா."

ஐயாயிரத்து ஒன்று எழுதுவதாக முடிவு செய்திருக்கிறோம். குடத்துக்கு என்ன செய்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.